ஒன்பது நாளில் அறுபது மீட்டர்

மதிப்பிற்குரிய ஆறுமுகநயினார் அத்தான் அவர்களுக்கு,

தூத்துக்குடியிலிருந்து தங்கள் மைத்துனன் காசிலிங்கம் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் செல்வராணியும் மகள் முத்துச்செல்வியும், மூன்று பேருமே கரையில், காய்ந்த துணியோடு, சுகமாக இருக்கிறோம். ஆறுமுகநேரியில் தாங்களும் சங்கரம்மாள் அக்காவும் அதேபோல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்களுக்குக் காது மந்தமான பிறகு, போனில் நான் சொல்வது ஒன்றாகவும் அக்கா தங்கள் காதருகே வந்து சொல்வது வேறொன்றாகவும் ஆகிவிடுகிறது. போன வாரம் "ஆறு மீட்டரில் ஒரு பையனுக்கு மூச்சு முட்டியது, இப்போது நன்றாக இருக்கிறான்" என்று நான் சொன்னது, தங்களிடம் "ஆறு பேருக்கு மூச்சு முட்டியது" என்று வந்து சேர்ந்து, தாங்கள் கோயிலில் அர்ச்சனை செய்ய ஆறு பேருடைய பெயரும் நட்சத்திரமும் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறீர்கள். அர்ச்சனைக்கு ஒரு பெயர் போதும். அதையும் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

முத்துச்செல்வி முத்துக்குளிக்கப் போகவில்லை அத்தான். அந்தக் காலத்து ஆட்கள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து இறங்கினார்கள். இவள் முதுகில் காற்றுச் சிலிண்டரை மாட்டிக்கொண்டு இறங்குகிறாள். இவர்களுக்கு முதல் நாள் சொல்லித்தரும் பாடமே மூச்சைப் பிடிக்கக் கூடாது என்பதுதான். பிடித்தபடி மேலே ஏறினால் உள்ளே இருக்கிற காற்று விரிந்து நுரையீரல் கிழிந்துவிடுமாம். அவளுக்கு வேலை கடல் ஆராய்ச்சி நிலையத்தில் பவளப்பாறைகளைப் பார்த்து, எது உயிரோடு இருக்கிறது, எது வெளுத்துப் போயிற்று என்று எழுதுவது. அதற்காகத்தான் மணப்பாட்டுக்காரர் எமில்டா டீச்சரிடம் மூன்று வருடமாக ஸ்கூபா படிக்கிறாள். டீச்சருக்கு நாற்பது வயது இருக்கலாம். குரலை உயர்த்தியே பேசமாட்டார். ஆனால் அவர் முடியாது என்று சொல்லிவிட்டால் ஆர்.டி.ஓ. ஆபீசில்கூட அவ்வளவு திட்டமாகச் சொல்லமாட்டார்கள். இருபத்தாறு வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன், எத்தனையோ ஆர்.டி.ஓ.க்களைப் பார்த்தவன் சொல்கிறேன்.

வினை ஆரம்பித்தது ஒரு கப்பலால். மாசி மாதம் ஓர் ஆராய்ச்சிக் கப்பல் நம் வளைகுடாவுக்கு வருகிறது. ஆழத்தில் கிடக்கும் பாறைகளைப் பார்க்கப் போகிறார்கள். அதில் போக அறுபது மீட்டர் வரை இறங்கத் தகுதிச் சான்று உள்ளவர்களுக்கு முன்னுரிமை என்று இவள் ஆபீசில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். காலையில் தோசை தின்றுகொண்டே முத்துச்செல்வி இதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, தான் இப்போது முப்பது மீட்டரில் நிற்பதாகவும் அறுபதுக்கு இன்னும் மூன்று வகுப்பு, ரெண்டு வருடம் ஆகும் என்றும் சொல்லி, கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். அவள் முகம் வாடிப்போயிருந்தது. எனக்கோ அது தகப்பனாக ஒரு பக்கம் வலித்தது, டிரைவிங் ஸ்கூல் முதல்வராக இன்னொரு பக்கம் அவமானமாக இருந்தது. ரெண்டு வருடமா? ஸ்டியரிங்கைத் தொட்டே பார்க்காத ஆளைப் பதினைந்து நாளில் எட்டுப் போட வைத்து லைசென்ஸ் வாங்கிக் கொடுக்கிறவன் நான். உடனே போன மாதத்துக் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் கட்டம் போட்டு, மூன்று வகுப்பையும் பதினெட்டே நாளில் முடிக்கிற மாதிரி அட்டவணை எழுதினேன். காலையில் பாடம், மத்தியானம் கடல், வெள்ளிக்கிழமை தோறும் பரீட்சை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே எமில்டா டீச்சரிடம் போனேன்.

டீச்சர் அதை முழுவதும் வாசித்தார் அத்தான். அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். வாசித்து முடித்து, "ஞாயித்துக்கிழம லீவு விட்டிருக்கீய, நல்லது" என்றார். அப்புறம் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"அண்ணாச்சி, ஒங்க ஸ்கூல்ல நேத்து எட்டுப் போட்ட பிள்ளையிட்ட இன்னைக்கு லாரியக் குடுத்து, மழையில, மலைப்பாதையில ஏறிட்டு வான்னு சொல்லுவீயளா?"

சொல்லமாட்டேன் என்றேன்.

"ஏன்? அவனுக்குத்தான் ஓட்டத் தெரியுமே."

நான் யோசித்துப் பார்த்து, லாரி அவனுக்குப் புதிது, மழை புதிது, மலையும் புதிது என்றேன்.

"அம்புட்டுத்தான். ஒரு வகுப்புல ஒரே ஒரு புதுசுதான் இருக்கணும். மூணையும் ஒரே நாள்ல வச்சா, தப்பு எதுல நடந்துச்சுன்னு பிள்ளைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

பிறகு படிப்படியாக விளக்கினார். முதல் வகுப்பு ஒற்றைச் சிலிண்டரோடு பதினெட்டு மீட்டர். அடுத்தது முப்பது. அதற்கடுத்த வகுப்பில் ஆழம் அதே முப்பதுதான். தன்னோடு இறங்கினவனுக்கு ஆபத்து என்றால் எப்படிக் காப்பாற்றுவது என்று மட்டும்தான் பாடம். இதுவரை முத்துச்செல்வி முடித்துவிட்டாள். இனிமேல்தான் தொழில்நுட்ப டைவிங் என்று பெரிய படிப்பு வருகிறது. அதில் முதலில் முதுகில் ரெட்டைச் சிலிண்டர். ஆனால் சிலிண்டர் புதிது என்பதால் ஆழம் பழைய ஆழம்தான், இன்னும் சொன்னால் ஆறு மீட்டரிலேயே பாதிப் பாடம் ஓடும். கை பழகிய பிறகு நாற்பத்தைந்து மீட்டர். அங்கே போனால் நினைத்த நேரத்துக்கு மேலே வர முடியாது. ரத்தத்தில் கரைந்த காற்று வெளியேறும்வரை வழியில் அங்கங்கே நின்று நின்றுதான் ஏற வேண்டும். அதற்கும் பிறகுதான் ஹீலியம் கலந்த காற்று, அறுபது மீட்டர். அங்கே இருபது நிமிடம் இருந்தால் ஏறிவர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகுமாம். நடுவில் என்ன கோளாறு வந்தாலும் அங்கேயே, தண்ணீருக்குள்ளேயே, தானே சரிசெய்ய வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் நடுவில், டீச்சர் இல்லாமல், கூட்டாளியோடு மட்டும் முப்பது தடவையாவது இறங்கியிருக்க வேண்டும் என்பது எமில்டா டீச்சரின் சட்டம். எதற்கு என்று கேட்டேன். செய்து செய்து சலித்துப் போக வேண்டுமாம். கை தானாகச் செய்கிற அளவுக்குச் சலித்தால்தான் அடுத்த படிக்கு மூளை மிச்சமிருக்குமாம்.

நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். வெளியே வந்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. உள்ளே இருக்கும்போது வராத கோபம் வாசலில் வருவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ளதுதான், அக்காவுக்குத் தெரியும். முத்துச்செல்வியோடு வேலை பார்க்கும் பாலகணேஷ் என்ற பையன், வேறொரு கடற்கரையில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் ஒன்பதே நாளில் அறுபது மீட்டர் சான்று வாங்கி வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தின் நம்பரை வாங்கிப் பேசினேன். எடுத்தவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். பிள்ளை கெட்டிக்காரி என்றால் ஏழு நாளிலேயே முடித்துவிடலாம் என்றார். அத்தான், அந்த ஏழு என்ற சொல்லைக் கேட்டதும் நானே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஏனென்றால் போனில் விசாரிக்கிறவர்களிடம் நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. பெயர், உயரம், எடை எல்லாம் சொல்லிப் பதிவு செய்தேன். செருப்பு அளவு கேட்டார்கள், வாசலில் கிடந்ததைப் புரட்டிப் பார்த்துச் சொன்னேன். அது பேச வந்திருந்த எதிர்வீட்டுக்காரியுடையது என்று பிறகுதான் தெரிந்தது. ரயில் டிக்கெட்டும் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் முத்துச்செல்வி வந்ததும் சொன்னேன். கத்துவாள், டீச்சரை மீறலாமா என்று சண்டை போடுவாள் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவளோ ரயில் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள். அப்போதுதான் அத்தான், ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். பிள்ளை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் தைரியமாக இருந்திருப்பேன். சரி என்று சொல்லிவிட்டாளே. அவளுக்கும் அந்தக் கப்பலில் போக அவ்வளவு ஆசை. செல்வராணி அடுப்பங்கரையில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். எமில்டா டீச்சருக்குத்தான் போட்டிருக்கிறாள். டீச்சர் திட்டவில்லை, தடுக்கவும் இல்லை. ரயில் ஏறுவதற்கு முன்னால் ஒரே ஒரு காலை தன்னோடு கடலுக்கு வரட்டும், அந்தப் பாலகணேஷையும் கூட்டி வாருங்கள், ஆறு மீட்டர் போதும் என்று சொன்னாராம்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குத் தருவைகுளத்திலிருந்து படகு புறப்பட்டது. டீச்சர், முத்துச்செல்வி, பாலகணேஷ், படகுக்காரர், பிறகு நானும் செல்வராணியும். பாலகணேஷ் நல்ல பையன் அத்தான், குறை சொல்லக் கூடாது. புதுசு புதுசாகச் சாமான் வாங்கி வைத்திருந்தான். ரெட்டைச் சிலிண்டரை மாட்டிக்கொண்டு நின்றபோது பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக இருந்தான். அவன் பக்கத்தில் ஒற்றைச் சிலிண்டரோடு நின்ற என் மகளைப் பார்த்தால், பெரிய பள்ளிக்கூடத்துப் பையனோடு பால்வாடிப் பிள்ளை நிற்பது போல் இருந்தது. டீச்சர் அவனுக்கு வைத்த பரீட்சை இதுதான்: ஆறு மீட்டரில் அசையாமல் நின்று, பிடரிக்குப் பின்னால், சிலிண்டர் காற்றைத் திறந்து மூடும் ரெண்டு திருகில் ஒன்றை மூட வேண்டும், மூடுவதற்கு முன்னால் வாயில் இருக்கும் குழாயை எடுத்துவிட்டு மற்றத் திருகின் குழாயை வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு திறக்க வேண்டும். அவன் சிரித்துக்கொண்டே, அறுபதில் செய்ததை ஆறில் செய்யச் சொல்கிறீர்களே என்றான். டீச்சரும் சிரித்துக்கொண்டே, செய்து காட்டு என்றார்.

கீழே நடந்ததை டீச்சர் நெற்றியில் மாட்டியிருந்த கேமராவில் பின்னால் பார்த்தேன். பையன் கையைப் பின்னால் கொண்டுபோகிறான். திருகு எட்டவில்லை. எட்டவில்லை என்றதும் உடம்பு சாய்கிறது, சாய்ந்ததும் அவசரப்படுகிறான், அவசரத்தில் குழாயை மாற்றாமலே திருகை மூடிவிட்டான். தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்த காற்றைத் தன் கையாலேயே அடைத்துவிட்டான் அத்தான். இன்னொரு குழாய் அவன் கழுத்துக்குக் கீழேயே தொங்குகிறது. அதைத் தொட்டால் போதும். ஆனால் அவன் கை முகத்துக்குப் போய்க் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தது. பிறகு காலை உதறிக்கொண்டு மேலே பாயப் பார்த்தான். அந்த நேரம் என் மகள் போய் அவன் நெஞ்சுப் பட்டையைப் பிடித்தாள். தன்னிடம் உபரியாக இருக்கும் வாய்க்குழாயை அவன் வாயில் வைத்து அழுத்தினாள். அவன் அவளை உதைக்கிறான். அவள் விடவில்லை. கையெட்டும் தூரத்தில் இருந்த டீச்சர் இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டார். முத்துச்செல்வி அவன் கண்ணுக்கு நேராகத் தன் கையை வைத்து, மெல்ல, மெல்ல என்று காட்டுகிறாள். அவன் ஒரு மூச்சு விட்டான். அடுத்த மூச்சு விட்டான். அப்புறம் மூன்று பேரும் குமிழிகளை விட்டுக்கொண்டு ஓர் ஏணியில் ஏறுகிற நிதானத்தோடு மேலே வந்தார்கள். எல்லாம் சேர்த்து ஒன்றரை நிமிடம்கூட இல்லை. நான் அந்தப் படத்தை இதுவரை பதினோரு தடவை பார்த்துவிட்டேன். பதினோரு தடவையும் அவள் அவனைப் பிடிக்கிற இடத்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறேன்.

மேலே வந்ததும் படகில் இருந்தவர்களில் நிதானம் தவறாதவன் நான் ஒருவன்தான் என்பதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை, தாங்கள் கேட்டதற்காகச் சொல்கிறேன். செல்வராணி பாவம், பயந்துபோய் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். நான்தான் குனிந்து, சிலிண்டரைக் கழற்றச் சொல்லி, அவன் ரெண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து, ஒரே இழுப்பில் பையனைப் படகுக்குள் சேர்த்தேன். அவன் உப்புத் தண்ணீரைக் கக்கிவிட்டு, துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கினான். கொஞ்ச நேரம் கழித்து அவனே முத்துச்செல்வியைப் பார்த்துச் சொன்னான்.

"அங்கன ஒரு தடவதான் செஞ்சேன்க்கா. டிக் அடிச்சுட்டாங்க. திரும்பச் செய்யின்னு ஒருத்தரும் சொல்லல."

டீச்சர் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்து, "இங்கன சொல்லுவேன்" என்றார். அவ்வளவுதான்.

கரைக்கு வந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்து, நுரையீரலில் ஒரு குறையும் இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்குப் பசி என்ற ஒன்று இருப்பதே ஞாபகம் வந்தது. வாசலில் பன்னீர் சோடா ரெண்டு குடித்தேன். பையனும் ஒன்று குடித்தான். வீட்டுக்குத் திரும்பும்போது முத்துச்செல்வி வண்டியை ஓட்டினாள், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கடற்கரைச் சாலையில் வரும்போது அவள் திரும்பாமலே பேசினாள்.

"அவனவிட நான் நல்லா செஞ்சிருப்பேன்னுதான்ப்பா நெனச்சேன். அவனும் அங்க போகும்போது அப்படித்தான் நெனச்சிருப்பான்."

ரயில் டிக்கெட்டை அன்றைக்கே ரத்து செய்தேன். அந்தப் பள்ளிக்கூடத்துக்காரர் அப்போதும் மரியாதையாகவே பேசினார். அடுத்த தடவை ஆறு நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னார்.

இனி நல்ல செய்தி. முத்துச்செல்வி அந்தக் கப்பல் தலைவருக்குத் தானே ஒரு கடிதம் எழுதினாள். தன்னால் முப்பது மீட்டர்தான் இறங்க முடியும், அறுபதுக்கு ரெண்டு வருடம் ஆகும் என்று உள்ளதை உள்ளபடி எழுதினாள். நான் அந்தக் கடிதத்தில் கொஞ்சம் மெருகேற்றித் தருவதாகச் சொன்னேன், வேண்டாம் என்றுவிட்டாள். நான்காம் நாள் பதில் வந்தது. ஆழத்துப் பாறைகளைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், முப்பது மீட்டருக்குள் இருக்கும் பாறைகளைப் பார்க்க ஆள் இல்லை, மாசி மாதம் வந்து சேரவும் என்று எழுதியிருந்தார்கள். எத்தனை தடவை இறங்கியிருக்கிறாய் என்று மட்டும் கேட்டிருந்தார்கள். தொண்ணூற்று நாலு என்று பதில் போட்டாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் கேசரி. செல்வராணி முந்திரிப்பருப்பைக் கணக்குப் பார்க்காமல் போட்டாள். பாலகணேஷும் வந்திருந்தான். அவன் எமில்டா டீச்சரிடம் ரெண்டாம் வகுப்பிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை ஆறு மீட்டரில் அந்தத் திருகை முப்பத்தெட்டு தடவை மூடித் திறந்தானாம். கொட்டாவி வந்துவிட்டது என்றான். டீச்சருக்கு ரொம்பச் சந்தோஷமாம்.

எனக்கும் மனம் லேசாகிவிட்டது அத்தான். என் பள்ளிக்கூடத்துப் போர்டில் இருந்த 'பதினைந்தே நாளில்' என்பதைப் பெயிண்டர் வைத்து அழித்துவிட்டேன். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை, வெள்ளையாகத்தான் இருக்கிறது. லைசென்ஸ் எடுத்த பிறகும் பத்து நாள் பக்கத்தில் உட்கார்ந்து சந்தைப் பக்கம் ஓட்டச் சொல்கிறேன். அர்ச்சனை பாலகணேஷ் பெயருக்குச் செய்தால் போதும், நட்சத்திரம் உத்திராடம். தாங்கள் கவலைப்பட வேண்டாம். எங்கள் குடும்பத்திலிருந்து முத்துச்செல்வியைத் தவிர வேறு ஓர் ஆள் இனிக் கடலுக்குள் இறங்கமாட்டார் என்று தங்களுக்கும் அக்காவுக்கும் உறுதி கூறுகிறேன். அக்காவின் முழங்கால் வலி குறைந்ததா? தாங்கள் இருவரும் நீண்ட நாள் நோய்நொடியில்லாமல் இருந்து, முத்துச்செல்வி கப்பலேறும் நாளில் நேரில் வந்து திருநீறு பூசி அனுப்பிவைக்க வேண்டும்.

தங்கள் ஆசியை நாடும்,
காசிலிங்கம்,
முதல்வர், சிப்பி டிரைவிங் ஸ்கூல்,
தூத்துக்குடி.

பின்குறிப்பு:

அண்ணாச்சிக்கு செல்வராணி எழுதுவது. தபால்ல போடச் சொல்லி இவுக எங் கையில குடுத்தாக. கவர் ஒட்டல, அதனால வாசிச்சிட்டேன். கப்பல் வெசயமும் பையன் வெசயமும் நெசம். படகு வெசயம் மட்டும் அப்படி இல்ல. தருவைகுளம் கர கண்ணுக்கு மறையுறதுக்கு முன்னாலயே இவுகளுக்கு வாந்தி ஆரம்பிச்சு, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்துல தலையில துண்டப் போட்டுப் படுத்தவுக, கரைக்கு வந்த பெறகுதான் எந்திரிச்சாக. பையனத் தூக்குனது நானும் படகுக்காரரும். எப்படித் தூக்கணும்னு எனக்குத் தெரியும், ஏன்னா அதையும் மொத வகுப்புலயே சொல்லித் தந்துருக்காக. ரெண்டு மாசமா செவ்வா, வெள்ளி காலையில நான் கோயிலுக்குப் போறதா இவுக நெனச்சுக்கிட்டு இருக்காக. டாக்டர் சீட்டு எல்லாம் முறையா வாங்கியாச்சு. வாற திங்கக்கிழம பதினெட்டு மீட்டர். மதினிகிட்ட மட்டும் மெதுவாச் சொல்லுங்க, இவுககிட்ட வேண்டாம், நானே சமயம் பாத்துச் சொல்லிக்கிடுதேன். பயப்பட ஒண்ணுமில்ல அண்ணாச்சி. டீச்சர்கிட்ட படிக்கிறவுகள்லயே நிதானமா மூச்சு விடுறது நான்தானாம், ஒரு சிலிண்டர் மத்தவுகளவிட கால் மணி நேரம் கூட வருதாம். எப்படிம்மா ஒங்களுக்கு இந்தப் பொறும வந்துச்சுன்னு டீச்சர் கேட்டாக. இருவத்தெட்டு வருசமா இவுக பேசி முடிக்கட்டும்னு உக்காந்திருக்கேன்லா, அதுல வந்ததுதான்னு சொன்னேன்.